வலப்பக்கம்

இடது காறையெலும்புக்குக் கீழே
இரண்டு விரற்கடை.
அங்கேதான் வைப்பது வழக்கம்.
மருத்துவர் மையால் கோடு போட்டார்.
பாசிலியா சோக்கே
எச்சில் தொட்டு அதை அழித்தாள்.

"இந்தத் தோள் உருளைக்கிழங்குக்கு."

கோச்சபாம்பா மருத்துவமனை பெஞ்சில்
அவள் சுமைத்துணி மடித்துக் கிடந்தது.
சிவப்பு, கத்தரிப்பூ நிறம்.
முப்பது வருஷமாய் முடிச்சு விழுந்த இடம் மட்டும்
நிறம் செத்து.

நான் கருவிக்காரன்.
கத்தி பிடிப்பவனல்ல.
பேஸ்மேக்கரை எழுப்புவதும்
அதனிடம் கேள்வி கேட்பதும் என் வேலை.
அவள் நாடி நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.
நடுநடுவே விட்டுப்போகும்,
சில்லறை எண்ணும்போது
யாரோ பேச்சுக் கொடுத்தாற்போல.

சிறுமியாய் அவள் உறங்கிய இரவொன்றில்
மண்சுவர் வெடிப்பிலிருந்து இறங்கிய வின்சூகாப் பூச்சி
கன்னத்தில் குடித்துவிட்டுப் போனது.
நாற்பது வருஷம் கழித்து
வட்டியோடு வந்து நிற்கிறது.
அது கடன் ஒன்றும் கொடுக்கவில்லை.

புதியது வாங்கப் பணமில்லை.
இது வேறொரு நெஞ்சில் இருந்தது.
வடக்கே, பனி நாட்டில்,
எரிப்பதற்கு முன் எடுத்துவிடுவார்கள்.
உலையில் வெடிக்கும்.
கழுவி, கிருமி நீக்கி,
உறையிட்டு அனுப்புகிறார்கள்.
தீப்பெட்டியைவிடச் சிறிது.

திரையில் இணைத்தேன்.
பழைய பெயர் உள்ளேயே இருந்தது:
ஆஸ்முண்ட், பிறப்பு 1938.
உறையில் இறந்த தேதி.
பதிவிலோ அதற்குப் பின்னும் நான்கு நாள்
நிமிடத்துக்கு அறுபது முறை
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

விதிப்படி அழிக்க வேண்டும்.
அழிக்குமுன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
"அவன் எந்தத் தோளில் சுமந்தான்?"

அது பதிவில் இல்லை.

வலப்பக்கம் பாதை வளைவு அதிகம்.
முனகிக்கொண்டே மருத்துவர்
சிரைக்குள் கம்பியை விட்டார்.
மேலறை. வால்வு. கீழறை.
நுனித் திருகு தசையைப் பற்றியது.
நான் ஒரு பொத்தானை அழுத்தினேன்.
அறுபது.
நீலம் பாரித்த நகங்களுக்கு
மெல்ல மெல்ல இரத்தம் வந்தது.

"பேட்டரி ஆறு வருஷம், நாலு மாதம்" என்றேன்.
"ஆறு விளைச்சல்" என்றாள்.
"ஏழாவதை விதைக்கலாம்.
தோண்ட வேறு ஆள்."

ஆறு வாரம் எதுவும் தூக்கக் கூடாது
என்று எழுதிக் கொடுத்தோம்.
மூன்றாம் வாரம் சந்தையில் பார்த்தேன்.
இடது தோளில் மூட்டை.
அவளும் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் பேசாமல்
அரைக் கிலோ உலர்கிழங்கு நிறுத்தாள்.
ஒரு கைப்பிடி கூடுதலாய்ப் போட்டாள்.
காசை மட்டும்
எண்ணி வாங்கிக்கொண்டாள்,
ஒருமுறைகூட விட்டுப்போகாமல்.