இருபதாவது வளைவிலிருந்து

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது.
விடிய வெகுநேரம் இருக்கையில்
சேலம் ஜங்ஷனில் என்னை உதறிவிட்டு
ஈரோட்டுக்குப் போய்விடும்.
மிச்ச மலை உன் பாடு.

பேருந்தில் மூக்கருகே எலுமிச்சம்பழம்.
கொண்டை ஊசிக்கு ஒரு பலகை:
இருபதில் ஒன்று, இருபதில் இரண்டு.
ஏழில் முன்சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தது.
பதினொன்றில் நான்.
பழைய தினத்தாளை நீட்டிய நடத்துனர்
என் காலணியைப் பார்த்தார்.
"ஓட வந்தீங்களா?"
"ஆமா. நாளைக்கு இதே ரோட்ல கீழ இறங்கணும்."
"அதுக்கு எதுக்குங்க ஏறுனீங்க?"

விடுதி ரஜாயில் ரசகற்பூர வாசனை.
நானூற்றுப் பதினெட்டாம் எண்ணைச் சட்டையில் குத்த
நான்கு ஊக்குகள்,
அதில் ஒன்று கோணல்.
கால் நகங்களை வெட்டினேன். திரும்பவும் வெட்டினேன்.
தூக்கம் வரவில்லை. மூடுபனிதான் வந்தது,
கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாக.

ஏரிக்கரையில், இருட்டில்,
இருநூறு பேர் நின்ற இடத்திலேயே குதிக்கிறார்கள்.
காப்பிப்பூ மணத்தை
வலிநிவாரணித் தைலம் ஜெயித்துவிட்டது.

இறக்கம் சுலபம் என்பவர்கள்
முழங்காலால் யோசித்ததில்லை.
ஒவ்வோர் அடிக்கும் பெருவிரல்
காலணிச் சுவரைத் தட்டி
யாரது, யாரது என்கிறது.

இருபதாவது வளைவில் பக்கத்தில் வந்து சேர்ந்தார்
செங்கோட்டுவேல், செவ்வாய்ப்பேட்டை.
கொலுசுக்குப் பொடிவைத்து ஊதுகிற வேலை.
"ஊதி ஊதி நெஞ்சு பழகிடுச்சுங்க."
அவர் காலடியில் மட்டும் சத்தமே இல்லை.
ரெண்டரை மணிக்குள் முடிக்கணும் என்றார்.
எனக்கும் அதுதான்.
அவர் வளைவுகளை எண்ணினார், நான் கிலோமீட்டர்களை.
அவருடையது குறைய என்னுடையது ஏற
ஓரிடத்தில்
பதினொன்று என்றார் அவர்,
பதினொன்று என்றேன் நான்.
சிரிக்கிற அளவுக்கு மூச்சு இருந்தது இருவருக்கும்.

ஒன்பதில் குரங்குகள்
தண்ணீர்ப் பந்தலின் வாழைப்பழங்களைக் கைப்பற்றியிருந்தன.
கல்லூரிப் பெண்ணொருத்தி குடையால் மேஜையை அடித்து
உப்புக் கரைசலையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.
ஆறில் மரங்கள் விலக, கீழே சேலம்:
வெயில் தூசிக்குள் வீடுகள்,
சுண்ணாம்பு அப்பிய வெற்றிலையாக
வெள்ளைக்கல் தோண்டிய குன்று.

நான்கில் அவர் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது.
கறுப்பு வெள்ளை தடுப்புச்சுவரில் சாய்ந்து
"போங்க" என்றார்.
ஒருமுறைதான் சொன்னார்.
இன்னொரு முறை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன் என்று
அப்புறம் பலமுறை சொல்லிக்கொண்டேன்.
உண்மையில்
அவர் முகத்துக்கு முன்னால்
என் மணிக்கட்டைப் பார்த்திருந்தேன்.

மூன்று. இரண்டு. ஒன்று.
அவருடைய எண்களையும் நானே எண்ணினேன்.

அடிவாரத்தில் விரிப்பு கீச்சிட்டது.
இரண்டு மணி, இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தோரு விநாடி.
கழுத்தில் பதக்கம், கையில் தட்டுவடைப் பொட்டலம்.
மீதி ஒன்பது விநாடி.
ஒன்பது விநாடியில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்கலாம்.
ஒரு கால்கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தலாம்.
அது போதுமா, தெரியாது.
கயிற்றோரம் நின்றிருந்தேன்.
வெயில் ஏறி, தட்டுவடை நமுத்துப்போனது.

இரண்டே முக்காலுக்கு வந்தார்,
ஒரு காலின் பாரத்தை மறுகாலில் கடன் வைத்தபடி.
"கெடச்சுதுங்களா?"
"கெடச்சுது."
தலையாட்டினார். மொபெட்டோடு காத்திருந்த பெண்ணின்
பின்னால் கவனமாக உட்கார்ந்து,
நீட்டிய கால் நீட்டியபடியே, போய்விட்டார்.

இரவு ஜங்ஷன் மேம்பாலத்தில்
ஏறுவதில் சிரமம் இல்லை.
இறங்க முதல்படியில் கால் வைத்ததும்
தொடைகள் இரண்டும் முடியாது என்றுவிட்டன.
கைப்பிடியைப் பற்றித் திரும்பி நின்று
பின்பக்கமாக இறங்கினேன்.
ஏறி வருகிறவர்களுக்கு என் முதுகு.
எனக்கு,
விட்டு வந்த படிகள்,
ஒவ்வொன்றாக.