நடந்த கை

திட்டத்தின் பெயர் 'உன்னை நீ கவனி'.
சுவரொட்டியில் ஒருத்தி கடற்கரையில் ஓடுகிறாள்.
எங்கள் கடற்கரையில் யாரும் அப்படி ஓடியதில்லை.
மழை ஓடும், நாய் ஓடும்,
படகைத் தவறவிட்டவன் ஓடுவான்.

கெயோன். சீலோயே தீவின் தென்கோடி.
நெடுஞ்சாலை தெற்கே வந்து வந்து
இதற்கு மேல் முடியாதென்று உட்கார்ந்துவிட்ட ஊர்.
இங்கே சால்மன் ஆலையில் நூற்று நாற்பது பேருக்கு
ஆளுக்கொரு ரப்பர் வளை,
நடக்கிற அடிகளை எண்ணுவது.
கொடுத்துக் கையெழுத்து வாங்கியவன் நான்.
எண்களைக் கட்டங்களில் ஏற்றுகிறவனும் நானே.

செவ்வாய்தோறும் ஒரு ஆப்பிள்.
காலையும் மாலையும் எட்டு நிமிட உடற்பயிற்சி.
கான்செப்சியோனிலிருந்து வந்த பாஸ்தியான்
இயன்முறை படித்தவன், கெட்டவனில்லை,
'தோளைச் சுழற்றுங்கள்' என்பான், பாட்டு போடுவான்.
வெள்ளை அங்கிக்குள் தோள்கள் சுழலும்.
அந்த எட்டு நிமிடமும் கன்வேயர் நிற்கும்.
பிறகு
கொடுத்த எட்டையும் வட்டியோடு வசூலிக்க
சற்றே விரைந்து ஓடும்.

முதல் மாதம், ஆலையிலேயே முதலிடம்:
எடீத் ரெமோல்கோய்,
முள் பிடுங்கும் மேசை, பதினேழாம் இடம்.
நாளொன்றுக்குப் பதினாலாயிரம் அடி.

இரண்டு பூட்ஸ் அகலத் தரையில்
எட்டு டிகிரிக் குளிரில்
எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறவள்.
அசைந்ததெல்லாம் வலது கை.
குனிந்து, கவ்வி, இழுத்து, உதறி,
குனிந்து, கவ்வி,
இடுக்கியின் ஒவ்வொரு இழுப்பையும்
வளை ஒரு அடியாக நம்பிவிட்டது.

மேலாளர் ஓயார்சூன் ஓடுகாலணி பரிசளித்தார்.
முப்பத்தொன்பதாம் அளவு. அவள் கால் முப்பத்தாறு.
கையுறையோடு எல்லோரும் தட்டிய கைதட்டல்
தரையில் மீன் துள்ளுவது போலக் கேட்டது.
'கைக்குப் போடச் செருப்பு இல்லையா?' என்றாள் எடீத்.
படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அன்று இரவு நான் கணக்குப் போட்டேன்.
அடிக்கு அரை மீட்டர், இருபத்தாறு நாள்.
நூற்று எண்பத்திரண்டு கிலோமீட்டர்.
வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டே போனேன்:
அந்தக் கை சோஞ்சியைத் தாண்டியிருக்கிறது,
காஸ்த்ரோவின் மரத்தேவாலயத்தைத் தாண்டியிருக்கிறது,
தீவின் வடகரையில், சக்காவோ நீரிணையில்,
வீங்கிய மணிக்கட்டோடு
படகுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

மார்ச்சில் காப்பீட்டு மருத்துவர் கேட்டாராம்:
'வீட்டில் பின்னல் போடுவீர்களா?'
பொய் சொல்லத் தெரியாதவள்
'குளிர்காலத்தில்' என்றாள்.
அவர் எழுதினார்: வேலையால் வந்த வலி அல்ல.

இரண்டாம் மாதம் ஆலோசனை நிறுவனத்திலிருந்து கடிதம்.
கருவிப் பிழை கண்டறியப்பட்டது.
மேசைக்காரர்கள் இனி வளையைக் கணுக்காலில் கட்டவும்.
கட்டினார்கள்.
எடீத்: நாளொன்றுக்கு அறுநூற்றுப் பதினொன்று.
சிவப்புக் கட்டத்தில் அறிவுரை தானாக விழுந்தது:
'அசைவு போதாது. படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்.'
எங்கள் ஆலைக்கு மாடி கிடையாது.

முதல் மாதத் தாளை அச்செடுத்தேன்.
அச்செடுக்கச் சொன்னவர் யாருமில்லை.
உடைமாற்றும் அறையில், ஈர பூட்ஸ்களுக்கு நடுவே,
எடீத்தும் சங்கத்து நெல்டா சிகுவாயும்
அதை விரித்துப் பிடித்தார்கள்.
நெல்டா எண்களைப் பார்த்தாள்.
எடீத் வரைபடத்தைப் பார்த்தாள்.
நீரிணைக்கரையில் விரல் வைத்து,
'இவ்வளவு தூரமா?' என்றாள்.
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
சொல்லாமல் ஊருக்குப் போய்வந்த பிள்ளையைப் பார்ப்பது போல.

'மேல்முறையீட்டு அலுவலகம் எங்கே?'
'புவேர்த்தோ மோந்த். படகு இறங்கித் தொண்ணூறு கிலோமீட்டர்.'
உதடு அசையக் கணக்குப் போட்டாள்.
'பதின்மூன்று ஷிப்ட்.'

சங்கு ஊதியது.
கணுக்காலில் இருந்த வளையைக் கழற்றினாள்,
மணிக்கட்டில் மாட்டினாள்,
வீக்கத்தில் அது இறுகி ஏறியது.
மேலே கையுறையை இழுத்துவிட்டுப் போனாள்.
நான் பார்க்கவில்லை என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?