மூன்று செக்கன்

என்னை இன்று சாகச் சொன்னார்கள்.
பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
கவிழ்ந்து கிடந்த ஓட்டோவுக்குப் பக்கத்தில்.
(வாடகைக்கு எடுத்தது. கவிழ்க்க நாலு பேர்,
"கண்ணாடி கவனம்" என்று கத்த அதன் சொந்தக்காரர்.)

ரோஸ் சர்பத்தில் சோளமாக் கரைத்து
நெற்றியில் ஊற்றினான் அருளினியன்.
"வாய் திறக்காதை, நீ செத்திட்டாய்."
சேற்று மணத்தோடு கடற்காற்று.
ஊர்காவற்றுறை பஸ் மெதுவாகி
எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

விசில்.
"நடக்கக்கூடிய ஆக்கள் எல்லாரும் இஞ்சால வாங்கோ!"
சச்சினியின் குரல். குருநாகல்காரி.
இந்த ஒரு வசனத்தை மூன்று இரவு
விடுதிக் குளியலறையில் சொல்லிப் பார்த்தவள்.
'ழ' வராது அவளுக்கு.
நல்லகாலம், இதில் 'ழ' இல்லை.

கால் முறிந்தவனாக நடித்த பிரணவரூபன்
தேவைக்கு மேலே அலறினான்.
அலறுகிறவனுக்கு மூச்சிருக்கிறது,
அலறாதவனிடம் முதலில் போ என்பது பாடம்.
என்னிடம் வந்தாள்.

தோளைத் தட்டினாள். நாடியை உயர்த்தினாள்.
கன்னத்தை என் மூக்கருகே வைத்து
தன் பாஷையில் எண்ணினாள்.
நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
புருவத்தில் ஓர் எறும்பு சர்பத் குடித்தது.
ஹத, அட்ட, நமய.
அவள் மூச்சு மட்டும் சூடாக, இஞ்சித் தேநீர் மணத்தோடு.

பிறகு மணிக்கட்டில் கறுப்பு அட்டையைக் கட்டி
"சமாவென்ன" என்றாள்.
என்னைத் தாண்டிப் போனாள்.

சரிதான். சரியாகத்தான் செய்தாள்.
ஓட்டோவுக்குப் பின்னால், சத்தமில்லாமல்,
தொடையால் இரத்தம் போய்க்கொண்டிருந்தது ஒருவனுக்கு.
பட்டியை இறுக்கி அவன் நெற்றியில்
நேரம் எழுதினாள்: 9.42.
இரண்டின் வால் இமை வரை வழிந்தது.

டொக்டர் மயூரேசன் பேனையால் பலகையைத் தட்டினார்.
"கறுப்புக் கட்டின பிறகு என்ன கதை?
மூன்று செக்கன் வீண்."
அவள் தலையாட்டினாள்.
நான் செத்தவள்.
அந்த மூன்று செக்கன் எனக்கு வந்ததென்று
சொல்ல வாயில்லை.

பதினொன்றரைக்கு எல்லாரும் எழும்பி
மண்ணைத் தட்டிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.
பிரணவரூபன் பனைமட்டைக் கட்டோடு
நொண்டி நொண்டிப் படம் எடுத்தான்.
சச்சினி என் முகத்தைப் பார்க்கவில்லை.
தன் ரோல்ஸில் பாதியைப் பிய்த்து
என் பேப்பரில் வைத்தாள்.

கே.கே.எஸ். பஸ்ஸில் கொண்டக்டர்
மிச்சக் காசைத் தரும்போது கையைப் பார்த்தார்.
"உதென்ன தங்கச்சி, கறுப்பு?"
கழற்ற மறந்திருந்தேன்.
"சோதினை" என்றேன்.
"பாஸோ?"

தட்டாதெருச் சந்தி வந்துவிட்டது.
இறங்கினேன்.