பத்தடி பின்னால்

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கொட்டகையின் மாடியில்
பதினோரு நாற்காலி போடுவேன்.
ஒன்றுக்குக் கால் சரியில்லை,
அதில் நான் உட்கார்ந்துகொள்வேன்.
கீழே மெஷின் பாளத்தைக் கடிக்கிற சத்தத்தில்
பாதிப் பேச்சு கேட்காது.
வருகிறவர்களுக்கு அது வசதி.

எல்லோரும் சாவியோடு வருவார்கள்.
பீரோ சாவி, பைக் சாவி,
மிக்சி வைத்த அலமாரியின் சாவி.
சகாயமேரி வீட்டில் ரேஷன் கார்டுக்கே தனிப் பூட்டு.
நாகபூஷணம் மட்டும்
கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிய பூட்டின் சாவியைத்
தாலிக்கயிற்றில் கோத்திருந்தாள்.
"தாலி அடகுல இருக்குது மேடம்,
கயிறு சும்மாதானே தொங்குது."
யாரோ சிரித்தார்கள்.
அவளும்.

அவள் மகன் டில்லிபாபு
மீன் ஏலத்தில் கூடை தூக்கினவன்.
தோள்வலிக்கென்று முதல் மாத்திரை.
பிறகு வலிக்காத நாளுக்கும்.
பிறகு பொடித்து, கரைத்து, ஊசியில்.
இரண்டு முறை சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றான்,
அதே தோளில் வைத்து.
மூன்றாம் முறை
கொருக்குப்பேட்டை தண்டவாளத்தோரமிருந்து
அவனை நாலு பேர் தூக்கிவந்தார்கள்.
ஸ்டான்லியில் படுக்கை கிடைப்பதற்குள் விடிந்துவிட்டது.

இது நோயம்மா, என்றேன் அவளிடம்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள்.
"நோயின்னா அக்கம்பக்கத்துல
ஹார்லிக்ஸ் வாங்கினு வருவாங்களே?"
என் நோட்டில் அதற்குப் பதில் இல்லை.
அடுத்த வாரம் ஒரு பாட்டில் வாங்கிப்போனேன்.

என் தம்பிக்கு யாரும் வாங்கி வரவில்லை.
நானும்.
கடைசியாய் அவன் தட்டின ராத்திரி
கதவைத் திறக்காதே என்றார்கள். திறக்கவில்லை.
அது சரிதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.
சரியாகச் செய்த ஒரு காரியத்துக்காக
ஆறு வருஷமாய்த் தூக்கம் இல்லை எனக்கு.
கூட்டத்தில் இதைச் சொல்வதில்லை.
மெஷின் ஓடும்போது ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
நாகபூஷணம் தலை திரும்பியது.
கேட்டிருக்கலாம்.

டில்லி அறுபத்துமூன்று நாள் கழித்து வந்தான்.
சங்கிலி அப்படியே இருந்தது.
சங்கிலியோடேயே சமைத்தாள்.
ராத்திரி ரெண்டு மணிக்குச் சந்தில் ஆட்டோ நின்றால்
இவள் எழுந்து உட்காருவாள்,
அவனும் எழுந்து உட்காருவான்.
ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை
சாம்பார் பாதி வெந்திருக்கையில் அடுப்பு அணைந்தது.
நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
கயிற்றை இழுத்துக் குனிந்து பூட்டில் சாவி போட்டாள்.
உப்புக்காற்றில் துரு ஏறித் திரும்பவில்லை.
டில்லிதான் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினான்.
சங்கிலி தரையில் விழுந்த சத்தம்
வீட்டுக்கே பெரிதாக இருந்தது.
அவன் சிலிண்டரைத் தோளில் ஏற்றினான்.

குழாயடியில் குடங்கள் நின்றுவிட்டன.
பழைய இரும்புக்கடை தேசப்பன்
வாசல்வரை வந்து எட்டு விரல் காட்டினான்.
"காலிண்ணா. மாத்தப் போறேன்."
பத்தடி பின்னால் அவன் அம்மா,
செருப்பில்லாமல், கையில் சாவி.
அவளுக்குப் பத்தடி பின்னால் நான்,
யாருக்குக் காவல் போகிறேன் என்று தெரியாமல்.

தெருமுனையில் தோள் மாற்றிக்கொண்டே
திரும்பிப் பார்க்காமல் கேட்டான்:
"புக்கு எடுத்தாந்தியாம்மா?"

எடுத்து வரவில்லை.

அவனைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
எனக்கும் இதற்கு யாரும் பயிற்சி தரவில்லை.
சாவியை என் கையில் திணித்துவிட்டு
வீட்டைப் பார்க்க ஓடினாள்.
பூட்டே இல்லாத சாவி,
எண்ணெய்ப் பிசுபிசுப்பு.

டில்லி சிலிண்டரை நிழலில் இறக்கி
அதன்மேலேயே உட்கார்ந்தான்.
சட்டையில் முகம் துடைத்துக்கொண்டு,
"சாம்பாருக்கு உப்பு போட்டுச்சா அது,
பாத்தியாக்கா?" என்றான்.