எல்லாப் படலையும் எல்லாப் படலைக்கும்

கணக்கு இப்படித்தான்:
ஒரு படலையிலிருந்து இன்னொரு படலைக்கு
ஆகக் கிட்டிய வழியில் ஒரு கோடு.
பிறகு அடுத்த படலைக்கு.
பிறகு அதற்கும் அடுத்ததற்கு.
கிளிநொச்சி நகரத்தின் மூவாயிரத்து நூற்று முப்பது படலைகளும்
ஒன்றையொன்று போய்ப் பார்த்து முடிந்ததும்
எந்த ஒழுங்கையில் எத்தனை கோடு விழுந்ததென்று எண்ணு.
அதுதான் அந்த ஒழுங்கையின் பெறுமதி.

சபையின் பழைய கணினிக்கு ஒரு இரவு முழுக்கத் தேவைப்பட்டது.
மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

காலையில் படம் வந்திருந்தது.
கண்டி வீதி கடுஞ்சிவப்பு.
அதை அறியக் கணினி வேண்டாம்,
டிப்போச் சந்தியில் கச்சான் வறுக்கிறவரைக் கேட்டால் போதும்.
கரடிப்போக்குச் சந்தி சிவப்பு.
கனகபுரம் வீதி செம்மஞ்சள்.
ஓரங்களுக்குப் போகப் போக நீலம்,
பிறகு வெளிர்நீலம்,
பிறகு காய்ச்சல்காரனின் நகம் போல ஒரு நிறம்.

கிறவல் ஒழுங்கைகள் முப்பத்தொரு கிலோமீற்றர்.
காசு நாலு கிலோமீற்றருக்கு.
எழுபதாயிரம் கோட்டுக்கு மேலே வந்தால் தார்.
கீழே வந்தால் அடுத்த வருஷம்,
அல்லது ‘அடுத்த வருஷம்’ என்கிற சொல்.

அந்த ஒரு இரவில்
யாரும் யாருடனும் கோபமில்லாத நகரம் ஒன்று
அந்தப் பெட்டிக்குள் நடந்து திரிந்திருக்கிறது.
ஒரு முழக் கதியாலுக்காகப் பேச்சை நிறுத்திய
யோகாம்பிகையும் மச்சாள் குணபூசணியும்
போக்குவரத்தாய் இருந்திருக்கிறார்கள்.
கடன்பட்டவன் கடன்காரனின் வாசலுக்கு
ஒளிக்காமல் போயிருக்கிறான்.
லீசிங் கொம்பனிப் பெடியன் ஒரு வீட்டையும் விடவில்லை;
அவன் மட்டும் நிசத்திலும் அப்படித்தான்.
நானும் போயிருக்கிறேன்,
ஏழு வருஷமாய்ச் சுற்றிப்போகிற மஞ்சள் மதில் வீட்டுக்கு.
நேர் வழியால்.
முந்நூற்று நாற்பது மீற்றர்.

கூழாவடி ஒழுங்கை: 71,714.

நம்பிக்கை வரவில்லை.
முட்டுச்சந்து அது, கடைசியில் ஒரு பாழ்கிணறு.
மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.
இருபத்துமூன்று படலை, சரி.
ஒன்பதில் ஆளில்லை.
ஒரு பூட்டு சங்கிலியோடு சேர்ந்து துருவாகிவிட்டது.
ஒன்றில் இரண்டு பனங்குத்தி மட்டும் நிற்கிறது.
ஒரு வீட்டார் கனடா.
மற்ற வீட்டாரை
கிராம அலுவலர் பட்டியலில் ஒரு சிறு கோடாகப் போட்டிருந்தார்.
“வருவினமோ தெரியாது மிஸ்,” என்றாள் செல்வநிதி.
“பக்கத்துப் படலைப் பிணைச்சலுக்கு
வருஷத்தில ஒருக்கா எண்ணெய் விடுறனான்.
காத்துக்குக் கத்தும், அதுதான்.”

கணினிக்கு இது தெரியாது.
அந்த ஒன்பது படலைகளிலிருந்தும்
அது ஆட்களை அனுப்பியிருக்கிறது.
சந்தைக்குப் பக்கத்து வீடுகளுக்கு, ரயில் கடவைக்கு அப்பால்,
மஞ்சள் மதில் வீட்டுக்கும்.
ஊர் முழுக்க இவர்கள் வீட்டுக்கும் வந்து போயிருக்கிறது.

விதிப்படி ஆளில்லாக் காணிகளை நீக்கவேண்டும்.
நீக்கினேன். 43,589.
திரும்பச் சேர்த்தேன். 71,714.
நீக்கினேன்.
தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது.
சேர்த்தேன்.

கீழே, எழுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவில்,
ஆனந்தபுரம் பக்கத்து ஒழுங்கை ஒன்று: 68,607.
இருபத்திரண்டு படலை.
இருபத்திரண்டும் தினமும் திறந்து மூடுகிறவை.
கூழாவடியை எடுத்தால் அடுத்தது இதுதான்.
மற்ற ஒழுங்கைகளிலும் பூட்டிய படலைகள் இருக்குமென்று
எனக்குத் தெரியும்.
அவற்றை எண்ண நான் போகவில்லை.

பின்னேரம் நாலரைக்குக் கையெழுத்து வைத்தேன்.
நீக்காத கணக்கில்.

மாசியில் கூழாவடிக்குத் தார் விழுந்தது.
செல்வநிதியின் கோழி ஒன்று அதில் காலை வைத்துச்
சூடுபட்டுப் பறந்ததாகச் சொன்னார்கள்.
நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆனந்தபுரம் ஒழுங்கையால் போகநேர்ந்தால்
இப்போதெல்லாம் இரண்டாம் கியருக்கு மாற்றுகிறேன்.
கொடியில் காயும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில்
புழுதி ஏறாத வேகம் எதுவென்று
இன்னும் பிடிபடவில்லை.