உட்காரும் உயரம்

எண்பதைத் தொட்டதும் ஆரம்பிக்கும்.
யாரோ பின்னால் நின்று
ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து
உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று
உலுக்குகிற மாதிரி.
குருபரப்பள்ளியில் பிடித்தால்
காரிமங்கலம் வரை விடாது.
விற்ற மாட்டு மருந்தின் கணக்கெல்லாம்
மண்டைக்குள் இடம் மாறிக் கிடக்கும்.

ஓசூரில் தொடங்கித் தொப்பூர் வரை
என் ஏரியா.
ஆடிக் காற்றில் அம்மி பறக்குமாம்.
இந்தச் சாலையில்
லாரி ஏறிக் கருங்கல்லே பறக்கிறது.
ஒவ்வொன்றும் கடக்கையில்
முதலில் உள்ளே இழுக்கும்,
பிறகு வெளியே தள்ளும்.
அது பரவாயில்லை. லாரியின் காற்று,
லாரியோடு போய்விடும்.
இது என் வண்டியின் காற்று.

உயரமான கண்ணாடி போட்டால் தீரும் என்றார்கள்.
நான்காயிரத்து இருநூறு ரூபாய்.
மார்பில் அடித்தது நின்று
காதில் அடித்தது.

சூளகிரி மேட்டில்
இடுப்பு வலி பொறுக்காமல்
ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றேன்.
சட்டென்று
அமைதி.
காற்று இருந்தது, நிறையவே இருந்தது,
ஆனால் நேராக வந்தது,
முகத்துக்கு நேரே பேசுகிறவளைப் போல.
பிறகு டாங்கில் தாடை படக் குனிந்தும் பார்த்தேன்.
அங்கேயும் அமைதி.
நின்றால் இல்லை. குனிந்தால் இல்லை.
நான் உட்காரும் உயரத்தில் மட்டும்
அடி.

ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன்,
கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஃபேன்ஸி ஸ்டோரில் சிவப்பு உல்லன் நூல்,
பத்து ரூபாய்க்கு ஒரு கண்டு.
துண்டு துண்டாய் வெட்டி
கண்ணாடி விளிம்பு முழுக்க டேப்பில் ஒட்டினேன்.
வேகமெடுத்ததும்
வெளிப்பக்க நூல்கள் படிந்து கிடந்தன.
என் பக்கத்து நூல்களுக்குப் பேய் பிடித்தது.
சில, போகவேண்டிய திசையை விட்டு
கண்ணாடியை நோக்கியே திரும்பி ஓடின.
அங்கே, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்
ஓர் இடம் காலியாக இருக்கிறது.
அதை நிரப்பத்தான் இத்தனை தள்ளுமுள்ளு.
நடுவில் என் தலை.

டோல்கேட்டின் இடதோரச் சந்தில்
காவலுக்கு நின்ற பையன் நூல்களைப் பார்த்தான்.
வேண்டுதலா அக்கா?
ஆமாம் என்றேன்.

பழையபேட்டையில் நயாஸ் பாய்
ஒரு பல் டாக்டரின் பெயரை
அக்ரிலிக்கில் அறுத்துக்கொண்டிருந்தார்.
மேலே எவ்வளவு எடுக்கணும்?
நாலு விரல்.
யார் விரல்?
என் கையை வாங்கிக் கண்ணாடியில் வைத்து
பென்சிலால் கோடு இழுத்தார்.
அடியில், ஒவ்வொரு போல்ட்டுக்கும்
மூன்று நைலான் வாஷர் கொடுத்து
தூக்கி மாட்டச் சொன்னேன்.
"காத்தை அடைக்கத்தானே கண்ணாடி?
நீங்களே சந்து விடச் சொல்றீங்க."
கீழே கொஞ்சம் விட்டால்
மேலே சண்டை குறையும் பாய்.
எனக்கே அது முழுதாய்த் தெரியாது.
நூல் அப்படித்தான் சொன்னது.
வெட்டிய துண்டை அவரே வைத்துக்கொண்டார்,
ஒரு வக்கீல் பெயருக்குச் சரியாக வருமாம்.

மறுநாள் காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் வாசனைக்குள் நுழைந்தபோது
எண்பது.
எண்பத்தைந்து.
யாரும் உலுக்கவில்லை.
மார்பில் காற்று பட்டது, பட்டதோடு சரி.
தலை கழுத்தின் மேலேயே இருந்தது.
உட்கார்ந்தபடியே.

அப்போதுதான் கேட்டது.
கீழே, இடப்பக்கம்,
கிரிக், கிரிக், ஒரு சுற்றுக்கு ஒரு தரம்.
செயின்.
எத்தனை மாதமாய் வறண்டு கத்தியதோ.

காரிமங்கலத்தில் புளியமரத்தடியில் நிறுத்தி
எண்ணெய் வாங்கி வந்து
மண்டியிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன்.
நூலெல்லாம் பிய்த்தாயிற்று,
இரண்டைத் தவிர.
நின்ற வண்டியில் அவை
சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.