இருநூற்றுப் பதினோராம் வரி

கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை.
வார்னிஷ் வாசனை படியேறி வந்து
எங்கள் கண்ணாடிக் கதவில்
செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழையும்.
அங்கே செம்புக் கம்பி சுற்றுகிறார்கள்.
இங்கே நாங்கள்
அடைப்புக்குறி.

ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
நாலு பேராய்த் தொடங்கியது.
இரண்டு கதவுப் பலகையைக் கிரானைட் துண்டுகள்மேல் போட்டு
மேசை என்றோம்.
ஒருவர் தும்மினால் நாலு திரையும் ஆடும்.
மதியம் என் களியும் கீரையும்
தப்ரேஸ் வீட்டுக் குஸ்காவும் ஒரே தட்டில்.
சண்டை தெலுங்கில், சமாதானம் தமிழில்,
சர்வர் விழுந்தால் மட்டும்
தெரிந்த எல்லா மொழியிலும்.

ரயில் வராத ஊர் கிருஷ்ணகிரி.
எங்கள் முதல் தளத்தின் முகப்பில் ஒரு ரயில்,
விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டோடு வந்தது.
யாரும் கேட்கவில்லை.
இரண்டு வருஷம் ஓடியது.

இப்போது இருபத்தேழு பேர்.
சுழல் நாற்காலி. கழுத்தில் அட்டை.
சாப்பாட்டுக்கே இரண்டு ஷிப்ட்.
போன வாரம் சேர்ந்த பெண் படியில் ஒதுங்கி
"மேடம்" என்றாள்.
திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் யாருமில்லை.

திம்மராஜ் பெங்களூர் போய் எட்டு மாதம்.
அவன் இடத்தில் மூன்று பேர் மாறியாயிற்று.
மாங்கூழ் ஆலைக்கு அவன் செய்த பக்கத்தில்
இருநூற்றுப் பதினோராம் வரிக்கு மேலே
ஒரு குறிப்பு:
'தொடாதே. எடுத்தால் விழும். தி.'
ஏன் விழும் என்று எழுதவில்லை.
அறையைக் காலி செய்த அன்றும்
சாவி எங்கே என்று சொல்லாமல் போனவன்தான்.

ஆனி மாதம்.
போனில் டோக்கன் எடுத்தால்தான்
ஆலை வாசலில் டிராக்டருக்கு இடம்.
பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது என்று புகார்.
சுத்தம் பண்ணு சௌடேஸ்வரி என்றார் சென்னகேசவன்.
பண்ணினேன்.
அந்த வரிக்கு வந்து நின்றேன்.
டீ குடித்தேன்.
எடுத்தேன்.

ஒன்றும் விழவில்லை.
என் திரையில், தப்ரேஸ் திரையில்,
புதுப்பெண்ணின் புதுப்போனில்
ஆணியடித்த மாதிரி நின்றது.
எட்டு மாதம் ஒரு வெற்று மிரட்டலுக்கா
பயந்தோம் என்று
கோபம்கூட வந்தது.

மறுநாள் காலை ஆறு பத்து.
சந்தூரிலிருந்து ஒரு குரல்.
"எல்லாம் இருக்குதும்மா, பட்டனைத்தான் காணோம்.
பெங்களூரா லோடு ஏத்தி நிக்கிறேன்,
வெயில் ஏறிச்சுன்னா போச்சு."
என்ன போன் என்றேன்.
"பையன் வேணாம்னு போட்டது. சின்னது. மேல்மூலை உடைஞ்சிருக்கும்."
அப்புறம் பர்கூர்.
அப்புறம் சூளகிரி.
எல்லாமே சின்னது,
எல்லாமே யாரோ வேண்டாம் என்று போட்டது.

பல் விளக்காமல் தரையில் உட்கார்ந்து
வரியைத் திரும்ப வைத்தேன்.
சந்தூரில் பட்டன் முளைத்தது.

சாயங்காலம் கூப்பிட்டேன்.
சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறானாம்.
"காரணத்தை எழுதித் தொலைச்சிருந்தா என்னடா?"
ஹாரன்கள். கொஞ்ச நேரம் ஹாரன்கள் மட்டும்.
"எங்கப்பன் போன்ல பட்டன் தெரியல. அதுக்குப் போட்டது.
கம்பெனி கோடுல அதை எப்படி எழுதறது?"
பிறகு அவனே கேட்டான்,
"கீழ இன்னும் வார்னிஷ் நாத்தமா?"

அவன் குறிப்பை அழிக்கவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
'சின்னப் போன்களுக்காக. சௌ.'

செலவுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
பழைய போன், ஒன்று, அறுநூறு ரூபாய்.
"உடைஞ்சதைப் போய் ஏம்மா வாங்கினே?"
என்றார் சென்னகேசவன்,
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

கழுத்தட்டை இல்லாத ஒரே ஆள்.
ஜன்னலோரம் சார்ஜரில் தொங்குகிறது.
எதை வெளியே விட்டாலும்
முதலில் அதனிடம் காட்டுகிறோம்.
நிதானமாகத் திறக்கும்.
அதுவரை இருபத்தேழு பேரும்
வார்னிஷை முகர்ந்துகொண்டு நிற்போம்.